துலாவும் கடல் கோடும்: வாசகர் கேள்விகள்

போன இதழில் என் கைவேலைப் புத்தகங்களைப் பற்றி நான்கு பக்கம் வந்தது. எழுத்தே இல்லாமல் குறிகளால் மட்டும் கதை சொல்லும் புத்தகங்கள் அவை. படங்களைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். எல்லாக் கடிதங்களையும் வாசித்தேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் அதில் ஒன்றை எடுத்துக்கொண்டேன். சிலவற்றுக்கு நீளமாகவும் சிலவற்றுக்குச் சுருக்கமாகவும் பதில் எழுதியிருக்கிறேன்.

"படம் வரைந்து கதை சொல்வது விளங்குகிறது. நீங்கள் ‘குறி’ என்கிறீர்கள். படத்துக்கும் குறிக்கும் என்ன வித்தியாசம்? எழுத்தில்லாமல் ஒரு முழுக்கதையை எப்படிச் சொல்ல முடியும்?"
வாசகி, வெள்ளவத்தை

இதற்கு என் அம்மம்மாவிடமிருந்து தொடங்கினால்தான் சரியாக வரும்.

அம்மம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. யாழ்ப்பாணத்தில் எங்கள் வளவின் நடுவில் ஒரு துலாக் கிணறு இருந்தது. நட்ட மரத்தின் தலையில் ஏறி இறங்கும் நீண்ட தடிதான் துலா, அதன் நுனியில் வாளி தொங்கும். மூத்த மாமா கொழும்பில், செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். 1970களின் நடுப்பகுதி. மாதத்துக்கு ஒரு கடிதம் அவருக்குப் போகும். அம்மம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். எனக்கு அப்போது ஒன்பது, பத்து வயதிருக்கும். எழுதி முடிந்ததும் என் கையிலிருந்து பேனையை வாங்கிக் கடிதத்தின் அடியில் அவரே ஒன்று கீறுவார். நிமிர்ந்த ஒரு கோடு, அதன் தலையில் சரிந்த ஒரு கோடு, சரிந்த கோட்டின் நுனியில் தொங்கும் ஒரு சின்ன வட்டம். துலாவும் வாளியும். அதுதான் அவருடைய கையெழுத்து என்று நான் நினைத்திருந்தேன்.

ஒரு ஆவணி மாதம் வட்டத்தைப் போடாமல் கடிதத்தை மடித்துவிட்டார். "மறந்துபோனீங்கள் அம்மம்மா" என்று நான் வட்டத்தைப் போடப் போனேன். கையைத் தட்டிவிட்டார். "கிணத்திலை தண்ணி இல்லையெண்டு அவனுக்குத் தெரியட்டும்."

அதே கடிதத்தில் ‘இங்கு யாவரும் நலம்’ என்று என்னைக் கொண்டு எழுத வைத்தவரும் அவர்தான். மாமா தங்கியிருந்த அறையில் நான்கு பேர் இருந்தார்கள். அங்கே வரும் கடிதத்தை எல்லாரும் வாசிப்பார்கள். வீட்டுக் கஷ்டம் எழுத்தில் போகக்கூடாது. ஆனால் போகவேண்டிய ஆளுக்குப் போய்ச் சேரவும் வேண்டும். பத்து நாளில் மாமாவிடமிருந்து காசுக்கட்டளை வந்தது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். துலாவைப் படமாக வரைந்தால் அது ஒரு துலாவைக் காட்டும். எவ்வளவு அழகாக வரைகிறோமோ அவ்வளவுக்கு அது நல்ல படம். அம்மம்மா கீறியது அழகான துலாவே இல்லை. ஆனால் ஒவ்வொரு மாதமும் அது ஒரே மாதிரி இருந்தது. ஒரே மாதிரி இருந்ததால்தான் ஒரு வட்டம் குறைந்தபோது அது ஒரு செய்தியாயிற்று. குறி என்றால் எனக்கு இவ்வளவுதான்: முதலில் இரண்டு பேருக்குள் அது பழகவேண்டும், பழகும்வரை மாறாமல் இருக்கவேண்டும், மாறினால் காரணத்தோடு மாறவேண்டும்.

புத்தகத்தில் அந்த இரண்டு பேர் நானும் வாசிப்பவரும். பழக்குவதற்குப் பக்கங்கள் இருக்கின்றன. அம்மம்மாவுக்காக நான் செய்த புத்தகம் விசிறி மடிப்பில் பதினான்கு மடிப்பு. ஒவ்வொன்றிலும் அந்தத் துலா மட்டும். முதல் மூன்று மடிப்பில் யாருக்கும் எதுவும் விளங்காது, ஒரே குறி திரும்பத் திரும்ப வருகிறதே என்று பார்ப்பார்கள். நான்காவதில் வட்டம் இல்லை. பார்ப்பவரின் விரல் உடனே பின்னால் போய் மூன்றாவது மடிப்பைத் திறக்கும். அந்த விரல் பின்னால் போவதைப் பார்ப்பதற்காகத்தான் நான் பக்கத்தில் நிற்பேன். அது நடந்துவிட்டால் அவர் வாசிக்கத் தொடங்கிவிட்டார். அதற்குப் பிறகு சரிந்த கோடு கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்வதையும், பதினோராவது மடிப்பில் நிமிர்ந்த கோடு இல்லாமல் போவதையும் நான் விளக்கத் தேவையில்லை.

சின்ன வயதில் எனக்குத் தெரியாத ஒன்றைப் பிறகு அறிந்தேன். 1980 வாக்கில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் ஆனைக்கோட்டையில் பெருங்கற்கால ஈமக்குழி ஒன்றை அகழ்ந்தபோது ஒரு சின்ன முத்திரை கிடைத்தது. இரண்டு வரிசை. கீழே பிராமி எழுத்து. ‘கோவேத’ என்று வாசித்திருக்கிறார்கள். மேலே எழுத்தல்லாத குறிகள். அந்தப் படத்தை முதலில் பார்த்த அன்று வெகுநேரம் வேறு வேலை செய்யவில்லை. எழுத்தும் குறியும் ஒரே முத்திரையில் மேலும் கீழுமாக, ஒரே ஆளின் உடைமையில். எங்கள் கடிதங்களும் அப்படித்தானே இருந்தன. என்ன, அங்கே குறி மேலே இருக்கிறது, அம்மம்மாவின் குறி கீழே இருந்தது.

"சாதாரண தரத்தில் சித்திரம் படிக்கிறேன். செயற்றிட்டத்துக்கு இப்படி ஒரு புத்தகம் செய்ய விருப்பம் அக்கா. எத்தனை குறி வேண்டும்? எங்கிருந்து எடுப்பது? புறா, தாமரை, உடைந்த சங்கிலி இவையெல்லாம் யோசித்து வைத்திருக்கிறேன்."
மாணவி, கொட்டாஞ்சேனை

தங்கச்சி, புறாவையும் தாமரையையும் சங்கிலியையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அவை கெட்டவை என்பதால் சொல்லவில்லை. அவற்றின் பொருளை வாசிப்பவர் ஏற்கெனவே வைத்திருக்கிறார். புறாவைக் கண்டதும் ‘சமாதானம்’ என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவார். உங்களிடமிருந்து கற்றுக்கொள்ள அவருக்கு எதுவும் இருக்காது.

எத்தனை என்றால், முதல் புத்தகத்துக்கு ஐந்து போதும். ஏழுக்கு மேல் போனால் பார்ப்பவர் மறந்துவிடுகிறார். எங்கிருந்து எடுப்பது என்பதற்கு நான் செய்ததையே சொல்கிறேன், அதைப் பார்த்து உங்கள் வழியைக் கண்டுபிடியுங்கள்.

வெள்ளவத்தையில் ரயில் ஏறிக் கோட்டைக்குப் போகும் பயணத்தை ஒரு விசிறி மடிப்புப் புத்தகமாகச் செய்தேன். கணவர் பெரியாஸ்பத்திரியில் இருந்த நாட்களில் தினமும் போய்வந்த பாதை. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி வரைக்கும் இடது பக்கம் கடல் கூடவே வரும். தண்டவாளத்துக்கும் அலைக்கும் நடுவில் கறுப்புக் கற்கள் மட்டும். கொள்ளுப்பிட்டி தாண்டிக் கொஞ்சத்தில் ரயில் கடலை விட்டு உள்ளே திரும்பும். கொம்பனித்தெருவுக்குக் கிட்டப் பேரை வாவியின் தண்ணீர் தெரியும், அது அசையாத தண்ணீர். அப்புறம் கோட்டை.

கடலுக்கு ஒரு அலைக்கோடு வைத்தேன். மடிப்புகளைத் தாண்டி அது முறியாமல் ஓடும். எனக்கு ஒரு புள்ளி. அவருக்கு ஒரு சதுரம், ஆஸ்பத்திரிக் கட்டில் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் கொண்டுபோன சாப்பாட்டுக்கு மூன்று வட்டம் ஒன்றன்மேல் ஒன்று, அடுக்குக் கரியர். வாவிக்கு ஒரு நேர்கோடு. ஐந்து குறி. கொள்ளுப்பிட்டிக்கு அடுத்த மடிப்பில் அலைக்கோடு சட்டென்று நின்றுவிடும். அங்கே வெறும் கடதாசி. அந்த வெறும் மடிப்புத்தான் புத்தகத்தின் மையம், அதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதம் எடுத்தது. திரும்பி வரும் பயணத்தைப் பின்பக்கத்தில் செய்திருக்கிறேன். அதில் மூன்று வட்டமும் வெறும் வட்டமாக இருக்கும் நாட்களும் உண்டு, உள்ளே நிரப்பியபடியே திரும்பிவரும் நாட்களும் உண்டு. நிரப்பியபடி வந்தால் அவர் அன்று சாப்பிடவில்லை.

இதில் நான் கற்பனை செய்தது எதுவும் இல்லை. பாதையே தந்தது. நீங்களும் பள்ளிக்கூடம் போகும் பாதையை ஒரு கிழமை ஒரு கொப்பியில் குறித்துப் பாருங்கள். கொட்டாஞ்சேனையில் கோயில் கோபுரமும் தேவாலய மணியும் பள்ளிவாசலும் எட்டும் தூரத்தில் இருக்கின்றன, எல்லாரும் அதைத்தான் வரைவார்கள். நீங்கள் அதை விட்டு, தினமும் ஒரே இடத்தில் இருந்து ஒரு நாள் மட்டும் இல்லாமல் போன ஏதாவது ஒன்றைத் தேடுங்கள். கடைக்காரர் போட்டிருக்கும் முக்காலியாக இருக்கலாம், பூட்டியே இருக்கும் ஒரு யன்னலாக இருக்கலாம்.

இன்னொன்று. குறிகளை முடிவு செய்ததும் வீட்டில் ஒருவரிடம் விளக்காமல் காட்டுங்கள். இரண்டாம் தரம் பார்க்கும்போதும் அவருக்கு ஒரு குறி பிடிபடவில்லை என்றால் அந்தக் குறியைத்தான் மாற்றவேண்டும், பக்கத்தில் விளக்கம் எழுதக்கூடாது. ஆசிரியர் விளக்கம் கேட்டால் தனித் தாளில் எழுதிக் கொடுங்கள்.

"என்ன கடதாசி, என்ன நூல், என்ன பசை? கொழும்பில் எங்கே வாங்குகிறீர்கள்? நான் செய்த கொப்பியின் மட்டை வளைந்துவிட்டது."
வாசகர், தெகிவளை

புறக்கோட்டை மலிபன் வீதிக்குப் போங்கள். கடதாசி, மட்டை, அச்சகச் சாமான் எல்லாம் அங்கே மொத்தமாக விற்கிறார்கள். சனிக்கிழமை போகாதீர்கள், நிற்கக்கூட இடம் கிடைக்காது. பழகிய அச்சகம் ஒன்றிருந்தால் வெட்டுத் துண்டுகளைக் கேட்டு வாங்கலாம். நல்ல தடித்த தாள், சின்னப் புத்தகத்துக்குத் தாராளமாகப் போதும். கேகாலைப் பக்கம் யானைச் சாணத்தில் செய்யும் தாள் அட்டைக்கு அருமையாக இருக்கும், உள்ளே வேண்டாம். மை அதில் பரவும்.

உங்கள் மட்டை ஏன் வளைந்தது என்று சொல்கிறேன். கடதாசிக்கு ஓட்டம் உண்டு. ஆலையில் தாள் ஓடிவரும் திசையில் நார்கள் படுத்திருக்கும். தாளைக் கிழிக்காமல், மடிக்காமல், இரண்டு பக்கமும் மெல்ல வளைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் இலேசாக வளையும், மற்றப் பக்கம் எதிர்க்கும். இலேசாக வளையும் அந்த வளைவு எந்தப் பக்கமாக நீள்கிறதோ அதுதான் ஓட்டம். புத்தகத்தின் முதுகும் ஓட்டமும் ஒரே திசையில் இருக்கவேண்டும். மட்டை, உள்தாள், மேலே ஒட்டும் தாள் மூன்றுக்கும் இது ஒன்றுதான். மாறினால் பசையின் ஈரத்தில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் இழுக்கும். எனக்குத் தொழில் சொல்லித் தந்த ஐயா வாழைத்தோட்டத்தில் கணக்குப் பேரேடுகள் கட்டிக்கொண்டிருந்தவர். தாளைக் கையில் எடுத்தவுடனே கண்ணை மூடிக்கொண்டு ஓட்டத்தைச் சொல்வார். எனக்கு அது கைவர ஐந்து வருடமாயிற்று.

பசைக்குக் கோதுமை மா ஒரு பங்கு, தண்ணீர் ஐந்து பங்கு. சின்ன நெருப்பில் கைவிடாமல் கிளறவேண்டும். வெள்ளை நிறம் போய்க் கண்ணாடி மாதிரி வந்ததும் இறக்கிவிடுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் மூன்று, நான்கு நாள் இருக்கும். பழைய ஆட்கள் பூச்சிக்காக மயில்துத்தம் சேர்ப்பார்கள். நான் சேர்ப்பதில்லை. அது விஷம், என் மேசையில் பிள்ளைகள் வந்து வேலை செய்கிறார்கள்.

நூலுக்குத் தடித்த பருத்தி நூலை எடுத்துத் தேன்மெழுகில் இரண்டு தரம் இழுத்தால் போதும். மூன்று துளைத் தையல்தான் முதலில் பழகவேண்டியது. மடித்த தாள்களின் நடுவில் மூன்று துளை போடுங்கள். ஊசியை நடுத்துளையால் உள்ளிருந்து வெளியே எடுங்கள். மேல்துளையால் உள்ளே விடுங்கள். நடுவைத் தாண்டிக் கீழ்த்துளையால் வெளியே வாருங்கள். பிறகு நடுத்துளையால் மறுபடி உள்ளே. இப்போது இரண்டு நுனியும் உள்ளே இருக்கும். நடுவில் ஓடும் நீள நூல் அவற்றுக்கு இடையில் வரும்படி வைத்து முடிச்சுப் போடுங்கள். மடிப்பு அழுத்த நான் வழவழப்பாகத் தேய்த்த சிரட்டைத் துண்டு ஒன்று வைத்திருக்கிறேன்.

வைகாசியில் மழை தொடங்கினால் கொழும்பில் எதுவும் காயாது. ஒட்டிய புத்தகத்தைப் பழைய பத்திரிகைத் தாளுக்கு நடுவில் வைத்து மேலே பாரம் ஏற்றுங்கள், தாளைக் காலையும் மாலையும் மாற்றுங்கள். பொறுமை இல்லாமல் மின்விசிறிக்குக் கீழே வைத்தால் மட்டை வளையும். உங்களுக்கு நடந்தது ஒருவேளை இதுவாகவும் இருக்கலாம்.

"இந்தப் புத்தகங்கள் விற்பனைக்கு உண்டா?"
பலர்

இல்லை. ஒவ்வொன்றிலும் ஒரு பிரதிதான் இருக்கிறது. வீட்டுக்கு வந்து பார்க்கலாம்.

"இதில் புதுமை என்ன இருக்கிறது? எங்கள் வீட்டுச் சாதகக் குறிப்பும் பன்னிரண்டு கட்டமும் நாலு எழுத்துமாக ஒரு ஆளின் கதையைச் சொல்கிறதே!"
ஓய்வுபெற்ற ஆசிரியர், ஜிந்துப்பிட்டி

ஐயா, கைகூப்புகிறேன். புதுமை ஒன்றும் இல்லை, நான் சொல்ல விரும்பியதும் அதுதான். சாதகக் குறிப்பைக் கையில் எடுக்கும் சாத்திரியார் எழுத்தை வாசிப்பதில்லை, எந்தக் கட்டத்தில் எது நிற்கிறது என்பதைத்தான் வாசிக்கிறார். இடம்தான் பொருள். என் புத்தகங்களில் ஒரு புள்ளி பக்கத்தின் மேலே இருந்தால் ஒன்று, கீழே இருந்தால் வேறொன்று என்று வைத்திருப்பதை அங்கிருந்துதான் எடுத்தேன்.

எங்கள் ஆட்களிடம் குறிக்குப் பஞ்சமே இல்லை. சலவைக்குப் போகும் துணியின் ஓரத்தில் வீட்டுக்கு ஒரு குறி, சேங்கொட்டைச் சாற்றில், எத்தனை தரம் வெளுத்தாலும் போகாது. மாட்டின் தொடையில் சுட்ட குறி. பால்காரருக்குச் சுவரில் கரிக்கோடு. மாமாவின் பேரேட்டைப் பார்த்திருந்தால் உங்களுக்கு இன்னும் சந்தோஷமாக இருந்திருக்கும். அவர் பழைய பழக்கத்தை விடவே இல்லை. நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, ரூபாய்க்கு ௹, மேற்படிக்கு ௸. பக்கத்தின் தலையில் பிள்ளையார் சுழி. அவர் காலமான பிறகு அந்தப் பேரேட்டில் எழுதாமல் கிடந்த தாள்கள் என்னிடம் வந்தன. அதில் ஒரு புத்தகம் செய்தேன். ௶, ௷ இரண்டு குறி மட்டும். ஊருக்கு அவர் கொடுத்ததும் ஊர் அவருக்குக் கொடுத்ததும். அது பன்னிரண்டு பக்கம் கணக்குச் சரிவராமலே போகும்.

"தாத்தாவின் ஓலைச்சுவடிக் கட்டு ஒன்று வீட்டில் கிடக்கிறது. வைத்தியமாம். யாருக்கும் வாசிக்கத் தெரியாது, பூச்சியும் அரித்துவிட்டது. அதை வெட்டி உங்களைப்போல ஒரு கலைப் புத்தகம் செய்ய ஆசை. ஆலோசனை சொல்லுங்கள்."
வாசகர், கல்கிசை

வெட்டாதீர்கள்.

கோபத்தில் எழுதவில்லை தம்பி. உங்களுக்கு அதன்மேல் அன்பு இருப்பதால்தான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். உங்களுக்கு வாசிக்கத் தெரியாததால் அது வாசிக்க முடியாததாகிவிடாது. ஓலையில் எழுத்தாணியால் எழுதும்போது ஓலை கிழியக்கூடாது என்று பல இடங்களில் புள்ளி வைப்பதில்லை. கொம்பு, கால் போன்றவையும் இன்றைய வடிவத்தில் இருக்காது. அதனால்தான் நமக்குப் பிடிபடுவதில்லை. பழகியவர்கள் வாசிப்பார்கள். ‘யாருக்கும் தெரியாத’ அந்தக் கட்டில் உங்கள் தாத்தா தன் கையால் கண்டறிந்த ஒரு மருந்து இருக்கலாம், அதற்கு வேறு பிரதி எங்கும் இல்லாமலும் இருக்கலாம். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் போயின. சுவடிகளும் அதில் இருந்தன. எரிந்த நூலகத்தை நான் பதின்ம வயதில் அப்பாவின் சைக்கிளில் இருந்தபடி பார்த்தேன். அதற்குப் பிறகு ஒரு ஓலையில் கத்தி வைக்க என்னால் முடியாது, மற்றவர் வைப்பதற்கும் வழி சொல்ல முடியாது.

செய்யவேண்டியதைச் சொல்கிறேன். தண்ணீர் படக்கூடாது. வெயிலில் காயப்போடக்கூடாது. உலர்ந்த மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். ஒட்டிக்கொண்ட ஏடுகளை இழுத்துப் பிரிக்காதீர்கள். பழைய கயிறு இறுகியிருந்தால் அவிழ்த்துவிட்டுப் பருத்தித் துணியில் தளர்வாகச் சுற்றுங்கள். பெட்டியில் ஒரு துண்டு வசம்பும் காய்ந்த வேப்பிலையும் போடுங்கள். பிறகு கொழும்பு 7 இல் உள்ள தேசிய சுவடிகள் கூடத்திலோ தேசிய நூதனசாலை நூலகத்திலோ கேளுங்கள். நூதனசாலை 1877 இல் திறந்தது, அங்கே ஓலைச்சுவடிகளின் பெரிய தொகுதியே இருக்கிறது, அதைக் கையாளத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். எங்கள் தமிழ் ஆவணங்களை 2005 இலிருந்து எண்ணிமமாக்கி வரும் நூலகம் நிறுவனத்துக்கும் எழுதுங்கள். கட்டு உங்கள் வீட்டிலேயே இருக்கலாம், பிரதி எல்லாருக்கும் கிடைக்கும்.

ஓலையில் வேலை செய்யத்தான் ஆசை என்றால் புது ஓலை எடுங்கள். சிங்கள ஏடுகளுக்குத் தாளிப்பனையின் குருத்தோலையை எடுத்து அவித்து, காயவைத்து, வழவழப்பாகத் தேய்த்துப் பதப்படுத்துகிறார்கள். அது அகலமானது, மென்மையானது. எங்கள் பனையோலை ஒடுக்கம், கொஞ்சம் முரடு. எழுத்தாணியால் கீறிய பிறகு கரியும் எண்ணெயும் பூசித் துடைத்தால் கீறலில் மட்டும் கறுப்பு நிற்கும். குறி போடுவதற்கு அதைவிட நல்ல பரப்பு எனக்குத் தெரியாது. தாத்தாவின் கட்டுக்குப் பக்கத்தில் வைக்க உங்கள் கட்டு ஒன்று செய்யுங்கள்.

"வெளிநாடுகளில் இப்படிச் செய்கிறவர்கள் உண்டா? இலங்கையில்?"
வாசகி, பம்பலப்பிட்டி

உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது ஐரோப்பியர் வருவதற்கு முன்னர் மெக்சிக்கோவின் மிக்ஸ்டெக் மக்கள் செய்த மான்தோல் புத்தகங்கள். தோலை நீளமாக ஒட்டி, வெள்ளைப் பூச்சுப் பூசி, விசிறிபோல மடிப்பார்கள். அதில் ஒன்று இலண்டன் பிரிட்டிஷ் நூதனசாலையில் இருக்கிறது. ஒரு அரசனின் கதை. அவன் பெயர் ‘எட்டு மான்’. பிறந்த நாளை வைத்தே பெயர், நாங்கள் நட்சத்திரத்தைப் பார்த்துப் பெயரெழுத்து எடுப்பதுபோல. ஒரு மான்தலை, அருகில் எட்டுப் புள்ளி. அதுதான் அவன் எங்கே வந்தாலும். ஒருவர் ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போனார் என்பதற்கு அவர்கள் காலடித் தடம் வைக்கிறார்கள். மாக்கோலத்தில் கிருஷ்ணர் பாதம் வாசலிலிருந்து உள்ளே போகிறதே, அதேதான். அச்சில் வந்த பிரதி ஒன்றைப் பார்த்தபோது அந்தத் தடங்கள்மேல் விரலை வைத்துக்கொண்டே போனேன். பெயர் தெரியாத ஊர்களைக் கடந்து போகும் ஒரு ஆளின் பயணம் என்று மட்டும் விளங்கியது. அது போதுமாக இருந்தது.

சீனாவின் யுன்னான் பகுதியில் நாசி (Naxi) இன மக்களின் பூசாரிகள் கையால் செய்யும் புத்தகங்களும் உருக்குறிகளில் எழுதப்பட்டவை. 2003 இல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அவற்றில் எல்லாச் சொல்லும் எழுதப்பட்டிருக்காது. பூசாரி தன் நினைவிலிருந்து மீதியைச் சொல்வார்.

அதே சீனாவின் ஓவியர் சூ பிங், விமான நிலையப் பலகைகளிலும் விமானப் பாதுகாப்பு அட்டைகளிலும் இருக்கும் அடையாளங்களைச் சேர்த்து, ஒரு மனிதனின் ஒருநாள் வாழ்க்கையை முழுக்கக் குறிகளால் ஒரு நூலாகச் செய்தார். எந்த மொழிக்காரரும் வாசிக்கலாம். அவர் உழைப்புக்கு முன்னால் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் என் மனம் அந்தப் பக்கம் போவதில்லை. உலகம் முழுவதற்கும் விளங்கும் குறியைவிட, ஒரு வீட்டுக்கு மட்டும் விளங்கிய குறியை இன்னொரு வீட்டுக்குக் கற்றுக்கொடுப்பதுதான் எனக்கு வேலையாகப் படுகிறது.

இங்கே, யாழ்ப்பாணத்தின் ஓவியர் தா. சனாதனன் 2011 இல் வெளியிட்ட தோம்பு நூலைத் தேடிப் பாருங்கள். ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேட்டைத்தான் தோம்பு என்போம். இடம்பெயர்ந்த மக்கள் விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து கீறித் தந்தார்கள். அதை ஒரு கட்டடக் கலைஞர் அளவோடு வரைந்தார், சனாதனன் தன் ஓவியத்தைச் சேர்த்தார். அலுவலகக் கோப்பு மாதிரிக் கட்டப்பட்ட அச்சுப் புத்தகம் அது, என்னுடையவைபோலத் தனிப் பிரதி அல்ல. அதில் ஒரு வீட்டுக் கிணறு வெறும் வட்டமாக இருக்கிறது. அந்தப் பக்கத்தைத் தாண்ட எனக்கு நேரம் எடுத்தது.

"அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது. மறதி கூடிவிட்டது. பத்திரிகை வாசித்தவர், இப்போது எழுத்தைப் பார்த்தால் பக்கத்தை மூடிவிடுகிறார். நீங்கள் செய்வதுபோல ஒரு புத்தகம் அவருக்குச் செய்து கொடுக்கலாமா?"
மகள், கொள்ளுப்பிட்டி

கட்டாயம் செய்யுங்கள். என் மாமியாருக்கு நான் செய்த ஒன்று அவருடைய கடைசி இரண்டு வருடம் மடியிலேயே இருந்தது.

கடதாசி வேண்டாம். அம்மாவின் பழைய பருத்திச் சேலை ஒன்றை எடுங்கள், நிறைய உடுத்து மெலிந்ததாக இருந்தால் நல்லது. உள்ளே தடித்த துணி வைத்து இரண்டு பக்கமும் அந்தச் சேலையால் மூடித் தையுங்கள். ஆறு பக்கம் போதும். பக்கத்துக்கு ஒரே ஒரு குறி, உள்ளங்கை அளவு, கறுப்பு நூலில் தடித்த தையலாக. விரலால் தடவினால் தெரியவேண்டும். குறிகளை நீங்கள் தெரிவு செய்யாதீர்கள். ஒரு கிழமை அவர் கை என்ன செய்கிறது என்று பாருங்கள். மாமியின் விரல்கள் எந்நேரமும் ஏதோ கிள்ளிக்கொண்டே இருக்கும். கீரை ஆய்கிறார் என்று எனக்கு விளங்க நாளெடுத்தது. முதல் பக்கத்தில் ஒரு தண்டும் நான்கு இலையும் வைத்தேன். இரண்டாவது பக்கம் படலைத் திறப்பு. மூன்றாவது அவர் ஐந்து பிள்ளைக்கு ஐந்து புள்ளி, அதில் ஒன்று சற்றுத் தள்ளி. அந்தப் பிள்ளை கைக்குழந்தையாக இருக்கும்போதே போய்விட்டது. எங்களில் யாரும் அதைப்பற்றி அவரிடம் பேசியதில்லை. அவர் அந்தப் புள்ளியில்தான் விரலை வைத்திருப்பார்.

புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டு "இது என்ன அம்மா?" என்று கேட்காதீர்கள். அது பரீட்சையாகிவிடும், அவர் மூடிவிடுவார். பக்கத்தில் இருந்து நீங்களும் ஒரு விரலை வைத்திருங்கள். அவர் ஒரு நாள் துலா என்பார், இன்னொரு நாள் அதையே ஊஞ்சல் என்பார். இரண்டும் சரி. இங்கே மட்டும் நான் மேலே சொன்ன சட்டம் எதுவும் வேண்டாம், குறி அவருடையது, பொருளும் அவருடையது.

பொத்தான், மணி எதுவும் தைக்காதீர்கள், வாயில் போட்டுவிடலாம். முடிச்சுகள் எல்லாம் உள்ளே போகட்டும். மூலைகளை வட்டமாக வெட்டித் தையுங்கள், அந்த வயதில் கைத்தோல் மிகவும் மெல்லிசாக இருக்கும். தைத்து முடித்ததும் ஒரு தரம் துவைத்துவிட்டுக் கொடுங்கள். சேலைக்கு அவர் பழகிய சவர்க்காரமாக இருக்கட்டும்.